பெரிய திரை வாங்கப் போகிறீர்களா? டிவியா, புரொஜெக்டரா என்று முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

2025 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றரை மணி ஐபிஎல் மேட்ச். பெட்டியில் ‘9000 லூமென்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த 14,000 ரூபாய் புரொஜெக்டரை எங்கள் திருச்சி வீட்டு ஹாலில் ஸ்டூல் மேல் வைத்து, சுவரில் வெள்ளை ஸ்கிரீனை மாட்டி, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டிருந்தேன். மைதானம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பந்து தெரியவே இல்லை. ஜன்னலுக்குப் போர்வை கட்டினோம். ஃபேன் காற்றில் போர்வை விலகும்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் மறைந்து மறைந்து வந்தார்கள். “கொட்டகை மாதிரி இருக்கும்னு சொன்னியேடா, பேய்ப் படம்ல ஓடுது” என்றார் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கோரைத் தன் போனில் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த புரொஜெக்டரை மூன்று மாதத்தில் 5,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். அப்புறம் டிவி வாங்கப் போய் அதிலும் ஒரு முறை சறுக்கினேன், அதைக் கீழே சொல்கிறேன். பணமும் நேரமும் கொடுத்துக் கற்றுக்கொண்டதை எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். முப்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு இது உதவும்.

படி 1: முதலில் அறையின் வெளிச்சத்தை அளங்கள்

எல்லோரும் முதலில் ஆப்பைத் திறந்து மாடல் பார்க்கிறார்கள். அதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். போனில் ‘லக்ஸ் மீட்டர்’ என்று தேடினால் வெளிச்சத்தை அளக்கும் இலவச ஆப் கிடைக்கும். படம் எந்தச் சுவரில் வரப்போகிறதோ அங்கே போனின் முதுகைச் சுவரோடு ஒட்டி, திரை அறையைப் பார்க்கும்படி பிடியுங்கள். வருகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் காட்டுவது துல்லியமாக இருக்காது, ஆனால் நமக்குத் தேவையான அளவுக்குப் போதும்.

மூன்று நேரம் அளங்கள்: மதியம் மூன்று மணிக்குத் திரைச்சீலையை மூடிவிட்டு, இரவு டியூப் லைட் எரியும்போது, இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு. எங்கள் ஹாலில் முறையே 140, 60, 1 என்று வந்தது. மேற்குப் பார்த்த ஜன்னல் இரண்டும், மூடாத பால்கனிக் கதவும் இருந்தால் வேறெப்படி வரும்?

இந்த மூன்று எண்ணும் படி 4-இல் வேண்டும். தாளை வைத்திருங்கள்.

படி 2: யார், எப்போது, எதைப் பார்க்கிறார்கள்?

ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். எங்கள் வீட்டில் வந்த கணக்கு இது: அம்மா மாலை ஆறரையிலிருந்து பத்து வரை சீரியல், ஹாலில் விளக்கு எரியும், நடுவில் பூ கட்டுவார், காய் நறுக்குவார். பையன் பள்ளி விட்டு வந்து ஒரு மணி நேரம் கார்ட்டூன். நானும் மனைவியும் சனிக்கிழமை இரவு ஒரு படம். ஆக வாரத்துக்கு முப்பது மணி நேரம் ஓடினால், இருட்டில் ஓடுவது இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணிக்காக நான் புரொஜெக்டர் வாங்கியிருந்தேன்.

இன்னொன்றையும் பாருங்கள், இதை யாரும் சொல்வதில்லை. உங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸ் எச்டியா, சாதாரண எஸ்டியா? எஸ்டி சேனலின் படம் 720க்கு 576 புள்ளிகள்தான். 32 அங்குலத்தில் பளிச்சென்று தெரிந்த அதே சீரியல் 65 அங்குலத்தில் கொழகொழவென்றும், 100 அங்குலத்தில் முகமே கரைந்தும் தெரியும். குற்றம் திரையின் மேல் இல்லை. பெரிய திரை வாங்கும் எண்ணம் இருந்தால் எச்டி பாக்ஸுக்கும் எச்டி பேக்குக்கும் ஆகும் மாதச் செலவையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான புரொஜெக்டர்களில் டிவி ட்யூனர் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். செட்டாப் பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் இணைக்கலாம். பழைய பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் மட்டும் இருந்தால், புதிய புரொஜெக்டர்கள் பலவற்றில் அதற்கு இடமே இருக்காது.

படி 3: டேப் எடுத்து அளங்கள்

திரையின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை. நம் சுவருக்கு வேண்டியது அகலமும் உயரமும். தோராயமாக இப்படி வரும்:

55 அங்குலம்: 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரம்
65 அங்குலம்: 144 செ.மீ., 81 செ.மீ.
75 அங்குலம்: 166 செ.மீ., 93 செ.மீ.
100 அங்குலம்: 221 செ.மீ., 125 செ.மீ.
120 அங்குலம்: 266 செ.மீ., 149 செ.மீ.

பழைய செய்தித்தாள்களை இந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் மாட்டி, சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு நாள் இருக்கட்டும். 75 அங்குலம் என்று ஆசைப்பட்ட என் மனைவி 65 அளவுத் தாளைப் பார்த்ததுமே “இதுவே போதும்ங்க” என்றார். எனக்குத்தான் மனசு வரவில்லை.

உட்காரும் தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு: தூரத்தை அங்குலத்தில் எடுத்து 1.6-ஆல் வகுத்தால் வசதியான அளவு வரும், 1.2-ஆல் வகுத்தால் சினிமாக் கொட்டகை போல முழுங்குகிற அளவு வரும். பத்தடி தூரம் என்றால் 120 அங்குலம். 75 வசதி, 100 கொட்டகை.

புரொஜெக்டருக்கு இன்னொரு அளவு உண்டு, ‘த்ரோ ரேஷியோ’. அது 1.2 என்று போட்டிருந்தால், படத்தின் அகலத்தைப் போல 1.2 மடங்கு தள்ளி வைக்க வேண்டும். 100 அங்குலப் படத்துக்கு 221-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 265 செ.மீ., கிட்டத்தட்ட எட்டே முக்கால் அடி. அந்த இடத்தில் உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள். எங்கள் வீட்டில் சீலிங் ஃபேன். ஃபேன் இறக்கை குறுக்கே போனால் படம் சிமிட்டும்.

‘கீஸ்டோன் இருக்கு சார், எங்கே வேணும்னாலும் வைக்கலாம்’ என்பார்கள். கோணலாக வைத்த படத்தை மென்பொருள் வெட்டி நேராக்கிக் காட்டுவதுதான் கீஸ்டோன். வெட்டிய அளவுக்குத் தெளிவும் வெளிச்சமும் குறையும். அவசரத்துக்கு நல்லது, நிரந்தரமாக அதை நம்பி இடம் பார்க்காதீர்கள்.

டிவிக்கு வரும் பொறி வேறு மாதிரி. பெரிய டிவிகளின் கால்கள் இரண்டு ஓரங்களிலும் இருக்கும். நான்கடி மேசையில் 65 அங்குல டிவி நிற்குமா என்பது டிவியின் அகலத்தைப் பொறுத்ததில்லை, கால்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த அளவு இருக்கும்.

கடைசியாக, லிஃப்ட். நான் சறுக்கிய இடம் இதுதான். ஆசைக்கு 75 அங்குல டிவியை ஆர்டர் செய்தேன். அட்டைப்பெட்டி ஆறடி நீளம். எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் படுக்கவைத்தும் போகவில்லை, சாய்த்தும் போகவில்லை. குறுகிய பக்கம் கீழே வரும்படி செங்குத்தாக நிறுத்தக் கூடாது என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்தார்கள். மூன்றாவது மாடிக்குப் படி வழியாக ஏற்ற, வந்தவர்கள் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். கொடுத்தேன். இரண்டாவது திருப்பத்தில் பெட்டியின் மூலை கைப்பிடிச் சுவரில் ‘டொக்’ என்று இடித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டு, 65 வாங்கினேன். ஆகவே லிஃப்டின் உள் அளவு, படிக்கட்டுத் திருப்பத்தின் அகலம், வாசல் நிலையின் அகலம் மூன்றையும் குறியுங்கள். இந்த விஷயத்தில் புரொஜெக்டர் ஜெயித்துவிடும், கைப்பையில் போகும்.

படி 4: லூமென்ஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தால் என் 9,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

புரொஜெக்டர் உமிழும் ஒளியின் அளவு லூமென்ஸ். அதைத் திரையின் பரப்பால் வகுத்தால், திரையில் விழும் வெளிச்சம் லக்ஸில் வரும். 100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். இப்போது அறையில் ஏற்கெனவே இருக்கும் லக்ஸோடு ஒப்பிடுங்கள்.

ஏன் ஒப்பிட வேண்டும் என்றால், புரொஜெக்டரால் கருப்பு நிறத்தைக் காட்ட முடியாது. ஒளி போடாமல் விட்ட இடம்தான் அதன் கருப்பு. மதியம் மூன்று மணிக்கு உங்கள் ஸ்கிரீன் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறதோ, அதைவிடக் கருப்பாகப் படத்தில் எதுவும் தெரியாது. நாயகனின் தலைமுடியும் அந்த வெளுப்புதான்.

என் புரொஜெக்டரில் 9000 என்று போட்டிருந்தாலும், கையேட்டின் பின்பக்கத்தில் ஒரு மூலையில் ‘250 ஆன்சி லூமென்ஸ்’ (தர முறைப்படி அளந்த எண்) என்று இருந்தது. 250-ஐ 2.75-ஆல் வகுத்தால் 91 லக்ஸ். அறையில் 140 லக்ஸ் இருக்கிறது. வெள்ளை இடத்தில் 231, கருப்பு இடத்தில் 140. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. பந்து எப்படித் தெரியும்? அதே இயந்திரம் இரவு விளக்கை அணைத்தால் 92க்கு 1. அதனால்தான் முதல் நாள் ராத்திரி படம் பார்த்துவிட்டு வீடே மயங்கிக் கிடந்தோம், மறுநாள் மதியம் மானம் போனது.

என் அனுபவத்தில் இந்த விகிதம் பத்துக்கு மேல் இருந்தால் சீரியல், மேட்ச், செய்தி பார்க்கலாம். படம் ரசித்துப் பார்க்க ஐம்பதாவது வேண்டும். 2,500 ஆன்சி லூமென்ஸ் உள்ள நல்ல இயந்திரம் 100 அங்குலத்தில் 900 லக்ஸ் சொச்சம் தரும். டியூப் லைட் வெளிச்சத்தில் 16 மடங்கு, பரவாயில்லை. மதியம் ஏழெட்டு மடங்கு, வெளிறிப்போய்த்தான் தெரியும். சினிமா பயன்முறைக்கு மாற்றினால் நிறம் நன்றாகும், வெளிச்சம் இன்னும் கொஞ்சம் குறையும்.

டிவிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் முகப்பே கருப்பு. அறை வெளிச்சத்தை விழுங்கிக்கொள்ளும், தன் ஒளியை நேராக நம் கண்ணுக்கு அனுப்பும். எதிரே ஜன்னல் இருந்தால் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும் என்பது மட்டும்தான் பிரச்சினை.

எண்களில் ஏமாறாதீர்கள். ‘ஆன்சி லூமென்ஸ்’ அல்லது ‘ஐஎஸ்ஓ லூமென்ஸ்’ என்று இருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். வெறும் ‘லூமென்ஸ்’, ‘எல்இடி லூமென்ஸ்’, ‘லைட் சோர்ஸ் லூமென்ஸ்’ எல்லாம் விற்பனைக்கு வைத்த எண்கள். அதே போல ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், காட்டுவது 720 ஆகவும் இருக்கலாம். ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள்.

படி 5: கணக்கு புரொஜெக்டர் பக்கம் வந்தால்

கோயம்புத்தூரில் என் நண்பன் ஒருவன் மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறையைப் படம் பார்க்கவே ஒதுக்கிவிட்டான். சுவருக்கு அடர் சாம்பல் பெயின்ட், 120 அங்குல ஸ்கிரீன். அவன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எந்த டிவியும் பிடிக்காது. உங்களுக்கும் அப்படி ஓர் அறை இருந்தால் இதைப் படியுங்கள், இல்லையென்றால் படி 6.

பதினைந்தாயிரத்துக்குக் கீழே கிடைப்பவை பெரும்பாலும் ஒற்றை எல்சிடி தகடு உள்ளவை. உள்ளே தூசி போனால் படத்தில் நிரந்தரப் புள்ளி விழும். குழந்தைகள் அறையில் இரவுக் கார்ட்டூனுக்குச் சரி. அதற்கு மேலே இரண்டு வகை. எப்சன் போன்றவை செய்யும் த்ரீ-எல்சிடி வகையில் மூன்று நிறங்களும் ஒரே நேரத்தில் வரும். டிஎல்பி வகையில் பல மாடல்களில் நிறங்கள் மாறி மாறி மின்னும். சிலர் கண்ணுக்கு அது வானவில் கீற்றாகத் தெரியும், தலை வலிக்கும். கருப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் ஓடும்போது கண்ணை இடமும் வலமுமாகச் சட்டென்று ஓட்டிப் பாருங்கள். வீட்டில் எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை, என் மனைவிக்கு உடனே தெரிந்தது.

ஒளி மூலம் அடுத்தது. பழைய வகை விளக்கு சில ஆயிரம் மணி நேரம் வரும். நாளுக்கு நாலு மணி நேரம் ஓட்டினால் மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வரும், ஒரு விளக்கு பத்தாயிரம் ரூபாய் அக்கம் பக்கம். நடு ஆட்டத்தில் கரண்ட் போனால் குளிர்விக்கும் ஃபேனும் சேர்ந்து நின்று, சூடான விளக்கின் ஆயுள் குறையும். அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊரில் யுபிஎஸ் இல்லாமல் விளக்கு மாடல் வேண்டாம். எல்இடி, லேசர் வகைகளுக்கு இருபதாயிரம் மணி நேரத்துக்கு மேல் சொல்கிறார்கள். விலை ஏறும்.

சுவருக்கு அரையடி, முக்காலடி தள்ளி மேசை மேல் வைக்கும் ‘அல்ட்ரா ஷார்ட் த்ரோ’ லேசர் மாடல்களும் உண்டு. டிவி இருந்த இடத்திலேயே வைக்கலாம், தலைக்கு மேல் ஒயர் இழுக்க வேண்டாம். ஆனால் அதற்கென்று இருக்கும் தனி ஸ்கிரீன் இல்லாமல் பகலில் எடுபடாது. சாதாரணச் சுவரில் போட்டால் பூச்சு வேலையின் மேடு பள்ளம் எல்லாம் அலை அலையாகத் தெரியும். தவழும் குழந்தை இருந்தால் மேலிருந்து எட்டிப் பார்க்கும், அந்த ஒளி கண்ணுக்கு நல்லதில்லை.

ஓடிடி பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மலிவான ஆண்ட்ராய்டு புரொஜெக்டர்கள் பலவற்றில் உரிமச் சான்று இருக்காது. நெட்ஃபிளிக்ஸ் திறக்காது, அல்லது திறந்தாலும் 480 தெளிவில்தான் ஓடும். எச்டி தெளிவுக்கான சான்றின் பெயர் வைட்வைன் எல்1. வாங்கும் முன் ‘வைட்வைன் எல்1 இருக்கா?’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் இல்லை என்றே வைத்துக்கொண்டு, தனி ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கு நாலைந்தாயிரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: கணக்கு டிவி பக்கம் வந்தால்

கடையில் எழுதியிருக்கும் எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி எல்லாமே அடிப்படையில் எல்சிடி பேனல்தான். பின்னால் எரியும் விளக்கு எப்படி என்பதிலும் நடுவே உள்ள தாளிலும்தான் வேறுபாடு. ஓஎல்இடி மட்டும் தனிச் சாதி. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கருப்பு என்றால் கும்மிருட்டு.

ஓஎல்இடியை இருட்டு அறையில் படம் பார்ப்பவருக்குத் தாராளமாகச் சொல்வேன். அம்மா ஒரே சேனலை மாலை முழுக்க வைத்திருக்கும் வீட்டுக்குத் தயங்குவேன். மூலையில் நிற்கும் சேனல் சின்னமும் அடியில் ஓடும் செய்திப் பட்டையும் வருடக்கணக்கில் அதே இடத்தில் எரிந்தால் தழும்பாகப் பதியலாம். இப்போதைய மாடல்களில் பாதுகாப்பு உண்டு, ஆபத்து குறைந்திருக்கிறது, ஆனால் போய்விடவில்லை.

எல்சிடி வகையில் பேனல் விஏ-வா, ஐபிஎஸ்-ஆ என்று கேளுங்கள். நேரே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு விஏ, கருப்பு நன்றாக இருக்கும். ஹாலின் ஓரத்தில், தரையில், சமையலறை வாசலில் என்று ஆளுக்கொரு பக்கம் இருந்து பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ். விற்பனையாளருக்குத் தெரியவில்லையென்றால் நீங்களே டிவியின் ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள், நிறம் வெளுக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பகல் வெளிச்சம் அதிகம் என்றால் ‘நிட்ஸ்’ (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) எண்ணைப் பாருங்கள். விலை குறைந்தவை 250, 300 நிட்ஸ். மினி எல்இடி மாடல்கள் ஆயிரத்தையும் தாண்டும். விளையாட்டும் வீடியோ கேமும் முக்கியம் என்றால் 120 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும்) பேனலும் எச்டிஎம்ஐ 2.1-உம். சீரியலும் படமும் மட்டும் என்றால் 60 ஹெர்ட்ஸ் போதும், அதற்கு மேல் கொடுக்கும் பணம் வீண்.

படி 7: முழுச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள்

விசாரித்தபோது எனக்குக் கிடைத்த விலைகள் இவை. மாடலுக்கு மாடல் மாறும், தோராயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 55 அங்குல 4கே டிவி முப்பதாயிரத்திலிருந்து நாற்பத்தைந்தாயிரம். 65 அங்குலம் ஐம்பதிலிருந்து எண்பதாயிரம். 75 அங்குலம் எழுபத்தைந்தாயிரத்தில் தொடங்கி ஒன்றே கால் லட்சம் வரை. ஓஎல்இடி 55 அங்குலமே ஒரு லட்சத்தை ஒட்டி. உருப்படியான 1080 புரொஜெக்டர் அறுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம். அல்ட்ரா ஷார்ட் த்ரோ லேசர் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

பொருளின் விலையோடு சேர வேண்டியவை:

டிவிக்கு: சுவரில் மாட்டும் பிராக்கெட், ஸ்டெபிலைசர் அல்லது சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி, விருப்பம் என்றால் சவுண்ட்பார். சுவர் ஹாலோ பிளாக் அல்லது ஏஏசி பிளாக் என்றால் அதற்கான ஆங்கர் போல்ட் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் கட்டையில் முப்பது கிலோவைத் தொங்கவிடாதீர்கள்.

புரொஜெக்டருக்கு: ஸ்கிரீன் (100 அங்குல மோட்டார் வகை பத்தாயிரத்தை ஒட்டி, அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்கான தனி ஸ்கிரீன் பல மடங்கு), சீலிங் ஸ்டாண்டு, எலக்ட்ரீஷியன் கூலி, ஸ்பீக்கர், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ஜன்னலுக்கு வெளிச்சம் புகாத கனமான திரைச்சீலை. ஹாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு பத்து மீட்டர் எச்டிஎம்ஐ ஒயர் இழுத்தால் சாதா ஒயரில் 4கே விட்டு விட்டு வரும். ஆப்டிகல் வகை வாங்குங்கள். சுவருக்குள் புதைப்பதென்றால் பைப்போடு புதையுங்கள், நாளைக்கு மாற்ற வேண்டி வரும்.

என் 14,000 ரூபாய் புரொஜெக்டர் இந்தச் சில்லறைகளெல்லாம் சேர்ந்து 27,000 ஆனது. அப்போதே அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் 55 அங்குல டிவி.

கரண்ட் பில்லையும் மறக்காதீர்கள். 150 வாட் டிவி நாளுக்கு நாலு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். 300 வாட் விளக்கு புரொஜெக்டர் என்றால் 72 யூனிட். பெரிய தொகை இல்லைதான். ஆனால் தமிழ்நாட்டில் உங்கள் பில் ஏற்கெனவே 460, 470 யூனிட்டில் நிற்கிறது என்றால், 500-ஐத் தாண்டியதும் விலைப்படி மாறி, தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் கீழே உள்ள யூனிட்டுக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும்.

வாடகை வீடா? சுவரில் துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் ‘செஞ்சுக்கோங்க தம்பி’ என்பவர்களே காலி பண்ணும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

படி 8: எப்போது வாங்குவது?

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் புரொஜெக்டர்களுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முன்னால் எடுத்த வீடியோக்களிலும் கட்டுரைகளிலும் சொல்லும் விலையோடு ஒப்பிட்டு ‘தள்ளுபடி’ என்று நம்பிவிடாதீர்கள்.

புது மாடல்கள் பொதுவாக ஏப்ரலிலிருந்து வர ஆரம்பிக்கும். அப்போது போன வருட மாடலைக் கடைகள் இறக்கி விற்கும். எனக்குப் பிடித்த நேரம் அதுதான், அதற்கடுத்து ஆடி. தீபாவளி நேரத்தில் விலை குறையும், ஆனால் டெலிவரியும் மாட்ட வரும் ஆளும் ஒரு வாரம் இழுக்கும். நான் தீபாவளிக்கு முந்தின வாரம் வாங்கி, பண்டிகை முடிந்து மூன்றாம் நாள்தான் மாட்டினார்கள். தீபாவளிச் சிறப்புத் திரைப்படத்தைப் பழைய 32 அங்குலத்திலேயே பார்த்தோம்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றால் முழுக்க இலவசம் என்று நினைக்காதீர்கள். வட்டியைத் தள்ளுபடியாகக் கழிப்பார்கள். அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும், வங்கியின் பிராசசிங் கட்டணத்தையும் நாம்தான் கட்ட வேண்டும்.

படி 9: கடையில் பார்க்கும்போது

ஷோரூமில் எல்லா டிவியும் ‘விவிட்’ பயன்முறையில் கண்ணைக் குத்தும்படி ஓடும். பெங்குவின், பவளப்பாறை, பழங்கள். ரிமோட்டைக் கேட்டு வாங்கி ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘சினிமா’வுக்கு மாற்றச் சொல்லுங்கள். பென்டிரைவில் நீங்கள் நன்றாக அறிந்த ஒரு தமிழ்ப் படத்தின் இரவுக் காட்சியைக் கொண்டுபோங்கள். முடிந்தால் செட்டாப் பாக்ஸ் இணைப்பில் ஒரு சீரியலைப் போடச் சொல்லுங்கள். பத்துப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள், ஒருவர் போடுவார்.

புரொஜெக்டர் டெமோ அறை எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும். “விளக்கைப் போடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வாக்கியம் பல ஆயிரங்களை மிச்சப்படுத்தும். அப்படியே, படம் அமைதியாக இருக்கும் இடத்தில் ஃபேன் சத்தத்தையும் கேளுங்கள்.

படி 10: பில், டெலிவரி, வாரண்டி

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது: பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் கொண்டுபோக வேண்டுமா? டிவிக்குப் பொதுவாக வீட்டுக்கு வருவார்கள். புரொஜெக்டரைப் பல நிறுவனங்களுக்கு நாமே பேக் செய்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும், அது சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும். விளக்குக்கு வாரண்டி தனி, காலமும் குறைவு.

பெட்டி வந்ததும் இந்த வரிசையில் செய்யுங்கள். வெளிப்பெட்டியின் ஆறு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். நசுங்கல் இருந்தால் டெலிவரித் தாளில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. டிவிப் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள், நிறுவனத்தின் ஆள் வந்து திறக்கட்டும், அதை முழுதாக வீடியோ எடுங்கள். பேனல் உடைப்புக்கு வாரண்டி கிடையாது. மாற்றினால் டிவி விலையில் பாதிக்கு மேல் போய்விடும். யார் கையில் உடைந்தது என்பதற்கு அந்த வீடியோதான் சாட்சி. மாட்டியதும் வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை யூடியூபில் ஓடவிட்டு, இறந்த (எரியாத) புள்ளி, மூலையில் ஒளிக் கசிவு இருக்கிறதா பாருங்கள். ஆள் கிளம்பும் முன் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் மாற்றித் தரும் அவகாசம் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள். அந்த நாட்கள் பெட்டி வந்த தேதியிலிருந்து ஓடும், மாட்டிய தேதியிலிருந்து இல்லை. மாட்ட ஆள் வர ஐந்து நாள் ஆனால் உங்களுக்கு மிச்சம் இரண்டு நாள். ஆள் தாமதமானால் உடனே ஆப்பில் புகார் எண் வாங்கி வையுங்கள்.

பத்திரப்படுத்த வேண்டியவை: ஜிஎஸ்டி எண்ணும் பொருளின் சீரியல் எண்ணும் உள்ள பில், முத்திரையோடு வாரண்டி அட்டை, மாட்டிய ஆளின் சர்வீஸ் தாள், டிவியின் முதுகில் உள்ள ஸ்டிக்கரின் போட்டோ. சுவரில் மாட்டியபின் அந்த ஸ்டிக்கரைப் பார்க்கவே முடியாது. சர்வீஸுக்கு போன் செய்தால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். பெட்டியையும் தெர்மாகோலையும் மாற்றும் அவகாசம் முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள், இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தாலும் கிடக்கட்டும்.

படி 11: கடைக்காரர் கைவிரித்தால்

முதலில் மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசியதற்கு ஆதாரம் இருக்காது. பத்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், கட்டணம் இல்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான். கடைகளில் தரும் வெப்பக் காகித பில் ஆறு மாதத்தில் எழுத்து மங்கிவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள்.